பழைய புல்லட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை நெடும்பயணத்துக்காக வாங்க நினைப்பவர், அது கேட்கும் விலைக்குத் தகுமா என்று முடிவு செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. சட்டச் செய்திகள் தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும். யெஸ்டி, கரிஸ்மா போன்ற பிற பழைய பயண வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பழைய புல்லட் தேடுபவர்களைத் திருச்சியில் இரண்டு வகையாகப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆன இளைஞர் ஒரு வகை. பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும், இருபது வயதில் வாங்க முடியாமல் போன வண்டியை இப்போதாவது வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பும் எங்கள் வயதுக்காரர் இன்னொரு வகை. இருவரும் செய்வது ஒன்றுதான்: விற்பவர் உதைத்து ஸ்டார்ட் செய்தவுடன் அந்தச் சத்தத்தைக் கேட்டு மனம் இளகி, அங்கேயே முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எஞ்சினில் எந்தக் கோளாறு இருந்தாலும் இந்த ஊரில் சரிசெய்துவிடலாம். பொன்மலை ரயில்வே பணிமனையும், 1960களில் திருவெறும்பூரில் வந்த பெல் தொழிற்சாலையும், அதைச் சுற்றி அரியமங்கலம், துவாக்குடிப் பக்கம் முளைத்த சிறு தொழிற்கூடங்களும் திருச்சியை லேத் தெரிந்தவர்களின் ஊராக்கியிருக்கின்றன. சிலிண்டர் போரிங் செய்யவும், புஷ் கடைந்து போடவும், விரிந்த அலுமினிய மூடிக்கு வெல்டு வைக்கவும் ஆள் கிடைப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஓட்டையை எந்த லேத்திலும் அடைக்க முடியாது.

எந்தப் புல்லட்?

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ஆலை சென்னை திருவொற்றியூரில் அமைந்தது. இந்திய ராணுவத்துக்காக வந்த 350 சி.சி. புல்லட், இங்கிலாந்து நிறுவனம் 1970இல் மூடப்பட்ட பிறகும் இங்கே நிற்காமல் உற்பத்தியானது. நிறுவனம் 1990களில் ஐஷர் குழுமத்திடம் வந்தது.

வாங்குபவருக்கு இந்த வரலாற்றில் தேவைப்படுவது எஞ்சின் மாறிய கதைதான். "புல்லட்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு எஞ்சின்கள் சந்தையில் இருக்கின்றன.

முதலாவது, மெக்கானிக்குகள் "காஸ்ட் அயர்ன்" என்று சொல்லும் பழைய இரும்பு சிலிண்டர் எஞ்சின். 70 மி.மீ. குறுக்களவு, 90 மி.மீ. வீச்சு, 346 சி.சி. கியர் பெட்டி தனி, நான்கு கியர். பெரும்பாலானவற்றில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இந்த எஞ்சின் 2010 வாக்கில் நின்றுபோனது.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு வந்த அலுமினிய எஞ்சின். மச்சிஸ்மோவிலும் 2002இல் வந்த தண்டர்பேர்டிலும் இது இருந்தது. ஓட்டத்துக்கு நல்ல எஞ்சின். ஆனால் சில ஆண்டுகளே உற்பத்தியானதால், அதற்கே உரிய உதிரிப் பாகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதை வாங்குவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் "பாகம் எங்கே வாங்குவீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யு.சி.இ. எஞ்சின். 2009இல் கிளாசிக்கோடு பரவலாகி, பிறகு புல்லட்டுக்கும் வந்தது. ஐந்து கியர், இடது கால் கியர், வலது கால் பிரேக், பெரும்பாலும் பட்டன் ஸ்டார்ட். டப்பட் சரிசெய்யும் வேலையே கிடையாது. எண்ணெய் அழுத்தத்தில் அதுவாகச் சரியாகிக்கொள்ளும்.

நெடும்பயணம்தான் நோக்கம் என்றால் என் கருத்தில் யு.சி.இ. எஞ்சினே முதல் தேர்வு. இரும்பு எஞ்சின் புல்லட் மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் அலுக்காமல் ஓடும். சென்னை நெடுஞ்சாலையில் ஆம்னி பேருந்துகள் விரையும் வேகத்துக்கு அதை விரட்டினால் சூடேறித் தகராறு செய்யும். கல்லணை வழியாகத் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு என்று காவிரிக் கரையோடு போகிறவருக்கு அது மிக நல்ல துணை. நான்கு வழிச் சாலையில் ஒரே நாளில் சென்னை போய்ச் சேர நினைப்பவருக்கு அது தண்டனை.

முதலில் ஆர்.சி.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் பேச்சு வழக்கில் எஃப்.சி. காட்டுவது என்கிறோம். பதினைந்து ஆண்டு ஆன பெட்ரோல் வண்டிகளை ஓட்டவே கூடாது என்ற தடை டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கு உரியது. தமிழ்நாட்டில் ஆய்வில் தேறும் வண்டி முப்பது வயதானாலும் ஓடலாம். "சீக்கிரம் தடை வந்துவிடும், அதனால்தான் மலிவாகத் தருகிறேன்" என்று சொல்பவரையும், "பழைய வண்டிக்கு எஃப்.சி. எல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்று சொல்பவரையும் ஒரே மாதிரி சந்தேகப்படலாம்.

புதுப்பிக்காமல் விட்ட வண்டிக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளின் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்குப் பின்னர் இன்னும் கூட்டினார்கள். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் தனி. இரண்டு ஆண்டு காலாவதியான வண்டி என்றால் தாமதக் கட்டணம் மட்டும் 24 × 300 = 7,200 ரூபாய். இதன் மேல் பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று. இவற்றையெல்லாம் விற்பவர் செய்து தர வேண்டுமா, வாங்குபவர் செய்துகொள்ள வேண்டுமா என்பதை விலை பேசும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். விற்பவர் பெயரிலேயே புதுப்பித்துத் தரச் சொல்வதுதான் பாதுகாப்பு. வண்டி ஆய்வில் தேறுமா என்பதும் அவர் செலவிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, உரிமையாளர் யார்? உங்களிடம் பேசுபவரும் ஆர்.சி.யில் இருப்பவரும் ஒருவரேதானா? பழைய புல்லட்டுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஆர்.சி.யில் உள்ளவர் எப்போதோ விற்றுவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தத் தாள் மூன்று, நான்கு கை மாறி உங்களிடம் வரும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பல கை மாறிய ஒரு கார் விபத்து வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. விற்றவர் பயப்பட வேண்டிய தீர்ப்பு இது. வாங்கியவருக்கும் இதில் பாடம் உண்டு. பணம் கொடுத்தது நீங்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் வண்டி உங்களுடையது அல்ல.

ஆர்.சி.யில் இருப்பவர் காலமாகிவிட்டால்? அப்பாவின் வண்டி, வீட்டில் சும்மா நிற்கிறது என்று மகன் விற்பது இங்கே அடிக்கடி நடப்பது. ஸ்ரீரங்கத்தின் வீதிகளில் திண்ணையோரம் உறை போட்டு நிற்கும் நல்ல வண்டிகள் பலவும் இந்த வகை. ஒரே கையில் இருந்தவை என்பதால் இவை பெரும்பாலும் வாங்கத் தகுந்தவை. ஆனால் மகன் நேரடியாக உங்களுக்கு விற்க முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து, வண்டியை முதலில் அவர் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். சட்டம் இதற்கு மூன்று மாதம்தான் கொடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் விட்டவர்கள் அலைய வேண்டியிருக்கும். அக்கா ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் கையெழுத்துக்கு இன்னும் தாமதம். அந்த அலைச்சல் முடியும்வரை முன்பணம் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ராணுவம் அல்லது காவல்துறை ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலத் தாளும் படிவம் 32-உம் வேண்டும். பைனான்ஸில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்து இருபது ஆண்டானாலும் ஆர்.சி.யில் அடைமானக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை நீக்கப் படிவம் 35-இல் பைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட வேண்டும். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்றால் பெரும்பாடு. கேரளா, கர்நாடகா, புதுச்சேரிப் பதிவெண் என்றால் படிவம் 28-இன்படி தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, ஆயுள் வரியும் கட்ட வேண்டும். விலையில் தெரியும் மலிவு இதில் கரைந்துவிடும்.

திருச்சி மேற்கு அலுவலகத்துக்கு டி.என். 45, ஸ்ரீரங்கத்துக்கு டி.என். 48, திருச்சி கிழக்குக்கு டி.என். 81. இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் அலைச்சல் குறைவு. 1989க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண்ணுக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. கையால் எழுதிய அந்தக் காலத்து ஆர்.சி. புத்தகத்தின் விவரம் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதை ஏற்றும்வரை பெயர் மாற்றம், புதுப்பிப்பு எதுவும் நகராது. அதே தளத்தில் நிலுவையில் உள்ள அபராதங்களும் தெரிந்துவிடும்.

கடைசியாக எண்கள். சேஸ் எண் வண்டியின் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும், எஞ்சின் எண் எஞ்சின் கூட்டின் மேல் இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டையும் பதிவெடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இதைத்தான் செய்வார்கள். புல்லட்டில் எஞ்சினை மாற்றிப் போடுவது எளிது. பலர் மாற்றியும் இருக்கிறார்கள். மாற்றியதைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம். எண் குத்திய இடத்தில் ராவிய தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் பேச்சைத் தொடராமல் திரும்பிவிடலாம்.

வண்டியைப் பார்க்கும் முறை

காலையில் போக வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு. "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்றும் சொல்லி வைக்க வேண்டும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தால் அவர் வாக்கைக் காப்பாற்றினாரா என்று தெரிந்துவிடும். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

கிக்கர் உள்ள வண்டியில் அழுத்தத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சாவியைப் போடாமல் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கனத்து நிற்கும். அங்கே உடல் எடையைக் கொடுத்தால் சற்று நேரம் தாங்க வேண்டும். தண்ணீரில் கால் வைத்தது போல வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிஸ்டன் ரிங், வால்வு இரண்டில் ஒன்று போயிருக்கிறது. இரும்பு எஞ்சின் வண்டியில் டிகம்பிரசரை அழுத்தி அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைத்தால் இரண்டு, மூன்று உதையில் பற்ற வேண்டும். காலைத் திருப்பி அடித்தால் டைமிங் சரியில்லை. அது சிறு வேலைதான், ஆனால் மூட்டு வலி உள்ளவர்கள் இந்த இடத்தில் சற்று யோசிக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்தவுடன் புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. இரும்பு எஞ்சினில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் தனி அறையில் இருந்து பம்ப் மூலம் மேலேறித் திரும்பும் அமைப்பு அது. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்லக் கசிந்து கீழறையில் தேங்கிவிடும். அதனால் முதல் ஐந்து நிமிடம் புகை வந்து பிறகு நின்றுபோனால் பயப்பட வேண்டியதில்லை. பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் நீலமாகப் புகைந்தால் போரிங்குக்கும் புது பிஸ்டனுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். கறுப்புப் புகை கார்புரேட்டர் வேலை. பெரிய செலவு இல்லை.

சத்தத்தில் மூன்று வகை. மேலே மெல்லிய "டிக் டிக்" டப்பட் சத்தம். இரும்பு எஞ்சினில் அதைச் சரிசெய்ய அரை மணி போதும். சிலிண்டரில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்து சூடானதும் குறையும் தட்டல் பிஸ்டன் தேய்மானம். அடியிலிருந்து, பாரம் கொடுக்கும்போது வரும் கனமான "டொக் டொக்" கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் இருந்து வருவது. அதற்கு எஞ்சினை முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டும். அதிரும் சைலன்சர் போட்ட வண்டியில் இந்த மூன்றும் கேட்காது. முடிந்தால் கம்பெனி சைலன்சரை மாட்டிக் கேட்பது நல்லது. அந்த அதிர்வேட்டுச் சைலன்சரோடு எஃப்.சி.யும் கிடைக்காது.

யு.சி.இ. வண்டியில் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது இடது பக்கம் கரகரவென்று அரைபடும் சத்தம் வந்தால் "ஸ்ப்ராக் கிளட்ச்" தேய்ந்திருக்கிறது. பலவீனமான பேட்டரியோடு பட்டனை விடாமல் அழுத்தியவர்களின் வண்டியில் இது வழக்கமாக வருவது. விலையைக் குறைக்கச் சொல்ல நியாயமான காரணம்.

எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை, பழைய புல்லட் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். வண்டி நின்ற இடத்தில் தரையைப் பார்த்தால் போதும். இரண்டு சொட்டு என்றால் சரி. சிலிண்டரும் ஹெட்டும் சேருமிடத்தில் எண்ணெய் வழிந்து கருகியிருந்தால் சரியல்ல. அன்று காலைதான் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிய எஞ்சின் என்றால் மாலையில் இன்னொரு முறை வந்து பாருங்கள்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இப்போது நிலையங்களில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் இந்தக் கலவையை நினைத்துச் செய்தவை அல்ல. அவற்றை மாற்றும் செலவு சிறியது, கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். உள்ளே துரு செதில் செதிலாக இருந்தால் டேங்கையே மாற்ற வேண்டும்.

வண்டி விழுந்து எழுந்ததா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அதன் வழியே வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேலேயே விழ வேண்டும். விலகி ஓடினால் சேஸோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது. ஸ்போக் கம்பிகளைச் சாவியால் ஒவ்வொன்றாகத் தட்டினால் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கும். மொட்டையாக ஒலிப்பது தளர்ந்தது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. சேஸ் குழாய்களில் புது வெல்டு இருக்கிறதா என்று சீட்டுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றினால் அது நின்றுவிடும். 30,000 காட்டும் வண்டியின் கால்மிதி ரப்பர் வழவழவென்று தேய்ந்து, கிக்கரின் பல் போயிருந்தால் எதை நம்புவது என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே மண் படிவும், ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பும் தெரியும்.

ஓட்டிப் பார்த்தல்

தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பது ஓட்டிப் பார்த்ததாகாது. நெடும்பயண வண்டி சூடான பிறகு எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. நான் சொல்லும் பாதை இது: ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தின் முன்னால் இருக்கும் நெரிசலில் முதலில் பத்து நிமிடம் ஊர்ந்து போக வேண்டும். கிளட்ச் இழுக்கிறதா, நியூட்ரல் விழுகிறதா, ஐடிலில் நின்றுபோகிறதா என்பது அங்கே தெரியும். பிறகு திருவானைக்கோயில் வழியாகக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து நம்பர் 1 டோல்கேட், அங்கிருந்து சமயபுரம் வரை சென்று திரும்பினால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஆகும். நெடுஞ்சாலையில் 60, 70-இல் ஐந்து நிமிடம் ஒரே சீராக ஓட்டி, ஹேண்டில் நடுங்குகிறதா, கியர் தானாகக் கழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். சித்திரைத் தேர் சமயத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தச் சாலைப் பக்கம் போக வேண்டாம்.

திரும்பி வந்தவுடன் எஞ்சினை அணைத்து, மூன்று நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி டீக்கடைக்கு டீக்கடை உங்களை நிற்க வைக்கும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது என்பதால் இந்தச் சோதனையை மார்கழியில் செய்து திருப்தி அடைந்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓட்டிப் பாருங்கள். முகப்பு விளக்கைப் போட்டு, எஞ்சினைச் சற்று உயர்த்தினால் அம்மீட்டர் முள் நடுவிலோ கூட்டல் பக்கமோ நிற்க வேண்டும்.

வலது கால் கியர் பழகாதவர்கள் இந்தச் சோதனையைத் தாமே செய்ய வேண்டாம். அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவோம். தெரிந்த மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போகலாம். வண்டிக்கு நடப்பிலுள்ள காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும்.

கணக்கு

கேட்கும் விலை வண்டியின் விலை அல்ல. அது முதல் தவணை. கீழே வரும் எண்கள் கணக்கு போடும் முறைக்காக நான் வைத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல.

ஒரு வண்டிக்கு 85,000 கேட்கிறார்கள். டயர், டியூப் இரண்டுக்கும் 6,000, செயின் ஸ்ப்ராக்கெட் 2,500, கிளட்ச் பிளேட், கேபிள்கள் 3,000, பேட்டரி 2,000, போரிங், பிஸ்டன், கூலி சேர்த்து 12,000, கார்புரேட்டர் வேலை 1,500, பெயர் மாற்றம், புதுப்பிப்பு, வரி, காப்பீடு 5,000. கூட்டினால் 32,000. ஆக வண்டி 1,17,000. இன்னொரு வண்டிக்கு 1,05,000 கேட்கிறார்கள். பேட்டரி, கேபிள், தாள்களுக்காக 9,000 செலவு. மொத்தம் 1,14,000. முதல் வண்டி இருபதாயிரம் மலிவாகத் தோன்றியது. உண்மையில் மூவாயிரம் அதிகம், அதோடு ஒரு மாதம் பட்டறையில் கிடக்கும்.

இந்தக் கூடுதல் செலவு கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், விலையை இறக்கச் சொல்ல வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு. மேலே சொன்ன முதல் வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பார்க்கும் நேரத்திலேயே மெக்கானிக்கை அழைத்துப் போய், இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, விற்பவர் முன்னாலேயே கூட்டிக் காட்டினால் பேரம் நியாயமாக முடியும். மெக்கானிக்குக்கு அரைநாள் கூலி கொடுக்கத் தயங்கக் கூடாது. அவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது என்பதும் முக்கியம்.

பணத்துக்கு அப்பால் உடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரும்பு எஞ்சின் வண்டி 160 கிலோவுக்கு மேல். கிளாசிக் 190 கிலோவை ஒட்டி வரும். சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்த முடிகிறதா என்று விற்பவர் வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பார்க்கலாம். பேருந்து மோதுவது போல வரும்போது அவசரமாக நிறுத்த வேண்டிய தேவை நெடும்பயணத்தில் உண்டு. பழைய டிரம் பிரேக் அதற்கு நம்பிக்கையானது அல்ல. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாகப் பார்ப்பது நல்லது. மலை இறக்கத்தில் சூடேறிய டிரம் பிரேக் பிடிமானத்தை இழக்கும்.

ஆண்டுக்கு இரண்டே பயணம், மற்ற நாளெல்லாம் வீட்டில் நிற்கும் என்றால், பழைய வண்டி அந்த வாழ்க்கையைத் தாங்காது. ஓடாத பேட்டரி இறங்கும், டேங்க் துருவேறும், ரப்பர் காயும். வாரம் ஒருமுறையாவது முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்ட நேரமும் மனமும் உள்ளவருக்குத்தான் பழைய புல்லட் ஒத்துவரும்.

விலை முடிந்த பிறகு

பணம் கொடுக்கும்போது தாளில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அன்று மாலையே ஒரு விபத்து நடந்தால் வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் சான்று. படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண் முன்னால் கையெழுத்திட வேண்டும், தேதியோடு. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். முந்தைய உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த விபத்தில்லாச் சலுகை அவருடையது, வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் சற்றுக் கூடும்.

புதிய ஆர்.சி. அட்டை வந்ததும் அதிலுள்ள எஞ்சின் எண், சேஸ் எண்களை முன்பு எடுத்து வைத்த பென்சில் பதிவோடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த வாரமே திருத்த மனு கொடுத்துவிடலாம்; ஐந்து ஆண்டு கழித்து எஃப்.சி.க்குப் போகும்போது கண்டுபிடித்தால் அதே திருத்தத்துக்குப் பல நடை நடக்க வேண்டியிருக்கும்.